விண்டோஸ் 10 கணினி நன்றாகத்தான் ஓடுகிறது. பாதுகாப்புப் புதுப்பிப்பு இன்னும் தேவையா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலை 29-இல் வெளிவந்த அந்த இயங்குதளம் பத்தாண்டுக்கு மேல் நம் வீடுகளில் உழைத்திருக்கிறது. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, பள்ளிப் பாடம் வீட்டுக்குள் நடந்தபோது பிள்ளைகளுக்காக அவசரமாக வாங்கிய பழைய மடிக்கணினிகள் பலவற்றில் இருந்தது இதுதான். அண்ணன் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டுபோன கணினியில் இன்று தங்கை எஸ்பிஎம் பாடம் படிக்கிறாள். ஆலயக் கணக்கு, டியூஷன் வகுப்பின் வினாத்தாள், மளிகைக் கடையின் வரவு செலவு என்று அந்தக் கணினிகள் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"கம்ப்யூட்டர் நல்லாத்தானே ஓடுது, அப்புறம் எதுக்கு அப்டேட்?" என்பது பழுதுபார்க்கும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி. "அப்டேட் போட்டா ஸ்லோவா போயிடும், ஆஃப் பண்ணி வச்சிடுங்க அண்ணே" என்று சொல்பவர்களும் உண்டு.

சுருக்கமான பதில் இது. பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்துகொண்டிருக்கும் வரை அதைப் போட வேண்டும். கணினி பழையது என்றால் இன்னும் தவறாமல் போட வேண்டும். புதுப்பிப்பு வருவதே நின்றுவிட்டால், அந்தக் கணினியில் பணமும் பிறர் விவரமும் தொடர்பான வேலைகளை நிறுத்த வேண்டும். ஏன், எப்படி, எவ்வளவு செலவாகும் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

புதுப்பிப்பில் இரண்டு வகை

எல்லாப் புதுப்பிப்பும் ஒன்றல்ல. ஒன்று, புதிய வசதிகளையும் புதிய தோற்றத்தையும் கொண்டு வரும் பெரிய பதிப்பு மாற்றம். மற்றொன்று, இயங்குதளத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்பு. மக்கள் பயப்படும் அனுபவங்கள் பெரும்பாலும் முதல் வகையால் வந்தவை. 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பு ஒன்று, சிலருடைய ஆவணக் கோப்புகளை அழித்துவிட்டது என்ற புகார் எழுந்ததும் மைக்ரோசாஃப்ட் அதன் விநியோகத்தையே நிறுத்தி வைத்தது. அது முழுப் பதிப்பு மாற்றம்; மாதாந்தரப் பாதுகாப்புப் புதுப்பிப்பு அன்று.

பாதுகாப்புப் புதுப்பிப்பு மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்க நேரப்படி வெளியாகிறது. நமக்கு அது புதன்கிழமை அதிகாலை. மாத நடுவில் ஒரு புதன்கிழமை காலையில் கணினியைத் திறந்ததும் 'மறுபடி தொடங்க வேண்டும்' என்ற செய்தி வந்தால் காரணம் இதுதான்.

2024 ஜூலை 19-இல் உலகமெங்கும் கணினித் திரைகள் நீல நிறமாகி, விமான நிலையங்களில் பயணிகள் வரிசையில் காத்துக் கிடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். விண்டோஸ் அப்டேட் போட்டதால்தான் அப்படி ஆனது என்று இன்றும் சொல்லப்படுகிறது. அது தவறு. கிரவுட்ஸ்டிரைக் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு கோப்பில் இருந்த பிழை அது. பாதிக்கப்பட்ட கணினிகள் ஏறத்தாழ 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் கணித்தது. நிறுவனங்கள் பயன்படுத்தும் அந்த மென்பொருள் வீட்டுக் கணினிகளில் இருப்பதில்லை.

கணினி மெதுவாகிறது என்பது உண்மையா?

இந்தக் குறையை முழுவதும் பொய் என்று தள்ளிவிட முடியாது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரண்டு ஓட்டைகள் வெளியே வந்தன. அவை கணினியின் மூளையான செயலகத்தின் அமைப்பிலேயே இருந்தவை. அவற்றை அடைக்கும் புதுப்பிப்பு, 2015-ஆம் ஆண்டளவிலான பழைய செயலகங்கள் உள்ள கணினிகளைக் கவனிக்கும் அளவுக்கு மெதுவாக்கலாம் என்று மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டது.

ஆனால் பத்து வருடக் கணினி திறக்கவே ஐந்து நிமிடம் எடுக்கிறது என்றால், பெரும்பாலும் காரணம் வேறு. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி மட்டுமே உள்ள நினைவகம், தொடங்கும்போதே ஓடத் தொடங்கும் பத்துப் பதினைந்து மென்பொருள்கள், தூசி அடைத்துச் சூடாகும் விசிறி ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். புதுப்பிப்பை நிறுத்துவதால் அந்த வேகம் கிடைக்காது.

தோட்டப்புறங்களில் இன்னொரு சிரமம் உண்டு. வீட்டு இணையம் இல்லாமல் கைப்பேசியின் டேட்டாவைப் பகிர்ந்து கணினியைப் பயன்படுத்துபவர்களுக்கு, ஒரு மாதப் புதுப்பிப்பு சில நூறு மெகாபைட்டைத் தின்றுவிடுகிறது. அப்படிப்பட்டவர்கள் புதுப்பிப்பை நிரந்தரமாக மூடிவிட வேண்டியதில்லை. விண்டோஸ் 10-இல் புதுப்பிப்பை ஏழு நாள் தள்ளிவைக்கும் பொத்தான் இருக்கிறது; மொத்தம் 35 நாள் வரை தள்ளலாம். மாதத்தில் ஒருநாள், கட்டுப்பாடில்லாத வைஃபை உள்ள உறவினர் வீட்டிலோ, வட்டாரத்தில் இருக்கும் 'நாடி' இணைய மையத்திலோ கணினியைத் திறந்து புதுப்பித்துக்கொண்டு வரலாம். புதுப்பிப்பு ஏதாவது கெடுத்துவிடுமோ என்று அஞ்சுபவர்களுக்கும் இதே பொத்தான் போதும். ஒரு வாரம் பொறுத்தால், பெரிய கோளாறு இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.

கவனிக்க வேண்டிய மற்றொரு பழக்கம், உரிமம் இல்லாத விண்டோஸ். மலிவாகக் கிடைக்கும் பழைய மடிக்கணினிகள் சிலவற்றில் 'கிராக்' செய்த விண்டோஸ் போட்டு, உரிமச் சோதனையைத் தவிர்ப்பதற்காகப் புதுப்பிப்பையும் மூடி வைத்திருப்பார்கள். வாங்கியவருக்கு அது தெரியாது. அத்தகைய 'கிராக்' கோப்புகளிலேயே கடவுச்சொல் திருடும் நிரல்கள் ஒளிந்திருந்தது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. பழைய கணினி வாங்கும்போது விண்டோஸ் அசல்தானா, புதுப்பிப்பு வருகிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்துவிடுவது நல்லது.

2017 மே 12 கற்றுத் தந்தது

புதுப்பிப்பைப் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வான்னாகிரை தாக்குதலைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாக நுழைந்து, கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்ட நிரல் அது. 2017 மே 12-ஆம் தேதி தொடங்கிச் சில நாளில் ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பிடித்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் 19,000-க்கும் மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் இரத்தாகியிருக்கும் என்று அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது.

அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. தாக்குதலுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு!

அப்போது எல்லோரும் ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பி மீதுதான் பழி போட்டார்கள். ஆனால், பிறகு பாதுகாப்பு நிறுவனங்கள் கணக்கெடுத்துப் பார்த்தபோது பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பான்மை விண்டோஸ் 7 கணினிகள் என்று தெரிந்தது. விண்டோஸ் 7-க்கு அன்று ஆதரவு இருந்தது. இலவசமாகப் புதுப்பிப்பும் வந்திருந்தது. போடாமல் விட்டதுதான் வினை. அதன் பிறகும் பலர் பாடம் கற்கவில்லை. 2017 ஜூன் 27-ஆம் தேதி நாட்பெட்யா என்ற மற்றொரு நிரல் அதே ஓட்டையையும் பயன்படுத்திப் பெரிய கப்பல் நிறுவனங்களையே முடக்கியது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வான்னாகிரை ஒரு கணினியில் நுழைந்ததும் அதே வலையமைப்பில் உள்ள அடுத்த கணினியைத் தானே தேடிப் போனது. யாரும் எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டியதில்லை. "நான் தேவையில்லாத லிங்க்கைத் தொடுவதே இல்லை, எனக்கு எதற்கு அப்டேட்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஆதரவு முடிந்த பிறகு ஆபத்து ஏன் கூடுகிறது?

அக்டோபர் 15-ஆம் தேதி காலையில் யாருடைய கணினியும் நின்றுவிடவில்லை. அதனால் ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆபத்து மெல்ல மெல்லச் சேர்வதே இதன் தன்மை.

விண்டோஸ் 10-உம் விண்டோஸ் 11-உம் உள்ளே பெரும்பகுதி ஒரே நிரலால் ஆனவை. விண்டோஸ் 11-க்கு ஒரு மாதம் ஓட்டை அடைக்கப்படுகிறது என்றால், அதே ஓட்டை விண்டோஸ் 10-இலும் இருக்க வாய்ப்பு அதிகம். புதுப்பிப்புக்கு முந்திய கோப்பையும் பிந்திய கோப்பையும் ஒப்பிட்டு, எங்கே அடைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது குற்றவாளிகள் நன்கு அறிந்த வித்தை. அடுத்த வீட்டில் பூட்டு மாற்றுவதைப் பார்த்தே, நம் வீட்டுப் பூட்டின் குறையைத் தெரிந்துகொள்வது போன்றது அது. மாதம் செல்லச் செல்ல அப்படித் தெரிந்துபோன ஓட்டைகளின் எண்ணிக்கை கூடுகிறது.

விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் வைரஸ் தடுப்புக்கு அடையாளக் குறிப்புகள் 2028 அக்டோபர் வரை விண்டோஸ் 10-இலும் வரும். எட்ஜ் உலாவிக்கும் 2028 அக்டோபர் வரையாவது புதுப்பிப்பு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. இவை உதவும். ஆனால் வைரஸ் தடுப்பு வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. சுவரில் இருக்கும் ஓட்டையை அதனால் அடைக்க முடியாது.

வேர்டு, எக்செல் பயன்படுத்துபவர்கள் இதையும் பார்க்க வேண்டும். ஆஃபிஸ் 2016, ஆஃபிஸ் 2019 ஆகிய இரண்டுக்கும் அதே 2025 அக்டோபர் 14-ஆம் தேதி ஆதரவு முடிந்துவிட்டது. ஆஃபிஸ் 2021-க்கு 2026 அக்டோபர் 13 கடைசி நாள். விண்டோஸ் 10-இல் ஓடும் மைக்ரோசாஃப்ட் 365-க்கு மட்டும் 2028 அக்டோபர் 10 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும்.

முதலில் உங்கள் கணினியைப் பாருங்கள்

'செட்டிங்ஸ்' திறந்து, 'சிஸ்டம்', பிறகு 'அபௌட்' என்ற இடத்துக்குப் போனால் இரண்டு விவரம் கிடைக்கும்.

முதலாவது, விண்டோஸ் பதிப்பு. விண்டோஸ் 10 என்றால் பக்கத்தில் '22எச்2' என்று இருக்க வேண்டும். அதுதான் கடைசிப் பதிப்பு. அதைவிடப் பழையதாக இருந்தால் முதலில் அதற்கு ஏற வேண்டும். விண்டோஸ் 7 அல்லது 8.1 என்று இருந்தால், அந்தக் கணினிக்கு வீட்டுப் பயனர் பெறக்கூடிய புதுப்பிப்பு எதுவும் இனி இல்லை. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இலும், 8.1-க்கு 2023 ஜனவரி 10-இலும் ஆதரவு முடிந்துவிட்டது. குரோம் உலாவியும் 2023 தொடக்கத்தில் அவற்றைக் கைவிட்டுவிட்டது.

இரண்டாவது, செயலகத்தின் எண். இன்டெல் என்றால் 'ஐ5-7200', 'ஐ5-8250', 'ஐ5-10210' போன்ற எண் இருக்கும். 7200 என்றால் ஏழாம் தலைமுறை, 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 10210 என்றால் பத்தாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்குப் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். எட்டாம் தலைமுறை 2017-இல்தான் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் வாங்கிய கணினி என்றால் பெரும்பாலும் தகுதி பெறாது. இதோடு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவையும் தேவை. 'பிசி ஹெல்த் செக்' என்ற மைக்ரோசாஃப்டின் இலவசச் செயலி இவற்றைத் தானே சோதித்துச் சொல்லிவிடும்.

எட்டாம் தலைமுறைக் கணினி வைத்திருந்தும், டிபிஎம் இல்லை என்று செய்தி வருவதுண்டு. அது பலவேளை அணைத்து வைக்கப்பட்டிருக்கும். கணினியின் பயோஸ் அமைப்பில் போய் இயக்கினால் போதும். கணினியை மாற்றச் சொல்லும் முன் இதைப் பார்த்தீர்களா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

நான்கு வழிகள்

1. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பு: விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாத கணினிகளுக்கு இதுதான் உடனடி வழி. வீட்டுப் பயனர்கள் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு தொடர்ந்து வரும். மூன்று விதமாகப் பதியலாம். விண்டோஸ் பேக்கப் மூலம் கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம். மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 இருந்தால் அவற்றைக் கொடுக்கலாம். இரண்டும் வேண்டாம் என்றால் 30 அமெரிக்க டாலர், அதாவது நூற்றுச் சொச்சம் ரிங்கிட் செலுத்தலாம். எந்த வழியானாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம் தேவை. ஒரு பதிவை 10 கணினிகள் வரை பயன்படுத்தலாம் என்பதால், ஒரு குடும்பத்துக்கு ஒன்றே போதும்.

'செட்டிங்ஸ்' உள்ளே 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில் பதிவதற்கான இணைப்பு இருக்கும். அது தெரியவில்லை என்றால், நிலுவையில் உள்ள புதுப்பிப்புகளை முதலில் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். இலவச வழியில் ஒன்டிரைவ் சேமிப்பிடம் 5 ஜிபி மட்டுமே இலவசம். படங்களையும் அதிலேயே ஏற்றினால் விரைவில் நிரம்பி, பணம் கட்டச் சொல்லும். அமைப்புகளை மட்டும் சேமித்தால் அந்தச் சிக்கல் வராது.

நிறுவனங்களுக்கு வேறு கட்டணம். முதல் ஆண்டு ஒரு கணினிக்கு 61 டாலர். அடுத்தடுத்த ஆண்டு இரட்டிப்பாகும். 2028 அக்டோபர் வரை மூன்றாண்டு வாங்கலாம்.

2. விண்டோஸ் 11: தகுதியுள்ள கணினிக்கு இலவசம். தகுதி இல்லாத கணினியில் சோதனையைத் தாண்டிப் போட்டுத் தருவதாகச் சிலர் சொல்வார்கள். அது ஓடலாம். ஆனால், அப்படிப்பட்ட கணினிகளுக்குப் புதுப்பிப்பு வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. புதுப்பிப்புக்காகத்தானே மாறுகிறோம்! விண்டோஸ் 11-க்கு மாறினாலும் வேலை முடிந்துவிடாது. அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் வீட்டுப் பயனர்களுக்கு 24 மாத ஆதரவுதான்.

3. வேறு இயங்குதளம்: உலாவி, மின்னஞ்சல், கடிதம் தட்டச்சு செய்வது, வீடியோ பார்ப்பது இவ்வளவுதான் தேவை என்றால் லினக்ஸ் மின்ட் நல்ல மாற்று. அது இலவசம். 4 ஜிபி நினைவகம் இருந்தால் வசதியாக ஓடும். 2024-இல் வந்த லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. தமிழ் 99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் இன்னொரு இலவச வழி. யூஎஸ்பி குச்சியில் போட்டு, உள்ளே இருப்பதை அழிக்காமல் முதலில் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட கணக்கு மென்பொருள் போன்றவை அங்கே அப்படியே ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

4. இணையத்திலிருந்து பிரித்து வைப்பது: பழைய பிரிண்டரோ, பழைய கணக்கு மென்பொருளோ, பழைய தமிழ் எழுத்துருவோ அந்த ஒரு கணினியில்தான் வேலை செய்கிறது என்ற நிலை பல இடங்களில் உண்டு. அதை எறிய வேண்டியதில்லை. வைஃபையை அணைத்து, வலையமைப்புக் கம்பியையும் எடுத்துவிட்டு, தட்டச்சுக்கும் அச்சுக்கும் மட்டும் பயன்படுத்தலாம். கோப்பு கொண்டுபோகும் யூஎஸ்பி குச்சியை அதற்கென்று தனியாக வைத்து, முதலில் புதிய கணினியில் சோதித்துவிட்டுச் செருகுங்கள்.

எந்தக் கணினியை முதலில் மாற்றுவது?

வீட்டுக்கு வீடு பண நிலை வேறு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற முடியாது. கணினியின் வயதைப் பார்ப்பதைவிட, அதில் நடக்கும் வேலையைப் பார்த்து முடிவு செய்வதே சரி.

வங்கிக் கணக்கு, வருமான வரி இ-ஃபைலிங், ஊழியர் சேமநிதிக் கணக்கு, பிடிபிடிஎன் விண்ணப்பம் ஆகியவற்றைத் திறக்கும் கணினிக்கே முதலிடம். புதுப்பிப்பு நின்ற கணினியில் இவற்றைச் செய்ய வேண்டாம். மாற்றும் வரையில், புதுப்பிப்பு வரும் கைப்பேசியில் வங்கியின் அதிகாரத்துவச் செயலியைப் பயன்படுத்துவது அதைவிடப் பாதுகாப்பானது.

அடுத்தது, பிறருடைய விவரம் உள்ள கணினி. ஆலய நிர்வாகக் குழுக்களிலும், இளைஞர் இயக்கங்களிலும், பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிலும், மரண சகாய நிதிகளிலும் உறுப்பினர்களின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, கைப்பேசி எண் எல்லாம் ஒரே எக்செல் கோப்பில் இருக்கும். செயலாளரின் வீட்டில் உள்ள பழைய மடிக்கணினியில் அது இருப்பது நம் ஊர்களில் புதிதன்று. அந்தக் கோப்பு வெளியேறினால் பாதிக்கப்படுவது செயலாளர் மட்டும் அல்லர். மோசடிக்காரன் தொலைபேசியில் அழைத்து முழுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சரியாகச் சொன்னால், "உண்மையான அதிகாரிதான்" என்று ஒரு பாட்டி நம்பிவிடுவார். கணினியைக் கையால் தொட்டே பழக்கமில்லாதவரின் சேமிப்பு, பார்த்தறியாத ஒரு கணினியின் புதுப்பிப்பைச் சார்ந்திருக்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் ஒதுக்கும் தொகையோடு, கணினிக்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்குவது உறுப்பினர்களுக்குச் செய்யும் கடமை.

கடை வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். வணிகம் செய்வோர் வாடிக்கையாளரின் விவரத்தைப் பாதுகாக்க வேண்டும் என்பது 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கட்டளை. கல்லாவில் உள்ள விற்பனைக் கணினிகள் சிலவற்றில் விண்டோஸ் 10-இன் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இருக்கும். அவற்றின் தேதி வேறு: 2021-ஆம் ஆண்டு எல்டிஎஸ்சி பதிப்புக்கு 2027 ஜனவரி 12 வரையும், அதன் ஐஓடி வகைக்கு 2032 ஜனவரி 13 வரையும் ஆதரவு உண்டு. எந்தப் பதிப்பு என்று விற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாட்டுக் கேட்க, படம் பார்க்க, சிறுவர்கள் விளையாட மட்டும் பயன்படும் கணினி கடைசியில் வரலாம். அதில் வங்கிக் கடவுச்சொல்லும் முதன்மை மின்னஞ்சலும் சேமிக்கப்பட்டிருக்கக் கூடாது. வீட்டு வைஃபையில் 'கெஸ்ட்' இணைப்பு இருந்தால் அதில் சேர்த்துவிடுங்கள். மற்றக் கணினிகளிலிருந்து அது பிரிந்து நிற்கும்.

மாற்றுவதற்கு முன் கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

எந்த வழியில் போனாலும் முதல் வேலை நகல் எடுப்பது. படங்களும் ஆவணங்களும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்று இரண்டு நகல் இருக்கட்டும். வெளி ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்கள், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும்.

தமிழ்க் கோப்புகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சலை உருவாக்கிய காலத்திலிருந்தே மலேசியத் தமிழர்கள் கணினியில் தமிழில் எழுதி வருகிறோம். அதனால் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆலய வரலாறு, திருமண அழைப்பிதழ், மலர்க் கட்டுரை, நாடகப் பிரதி என்று நிறையக் கோப்புகள் பழைய கணினிகளில் கிடக்கின்றன. எழுத்துரு இல்லாத புதிய கணினியில் திறந்தால் அவை புரியாத குறிகளாகத் தெரியும். பழைய கணினி ஓடும்போதே அவற்றை பிடிஎஃப் வடிவில் சேமித்துவிடுங்கள், தோற்றம் மாறாது. எழுத்துருக் கோப்பையும் நகலெடுங்கள். பிறகு, எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றலாம். உறுப்பினர் பட்டியல் போன்றவற்றை மட்டும் முன்பின் தெரியாத இணைய மாற்றியில் ஒட்டாதீர்கள்.

கைப்பேசிக்கும் இதே விதி

கணினி இல்லாத வீட்டிலும் கைப்பேசி இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் 'செட்டிங்ஸ்' உள்ளே, கைப்பேசி பற்றிய பகுதியில், பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதி இருக்கும். அது ஓராண்டுக்கு மேல் பழையதாக இருந்து, புதிதாக எதுவும் வரவில்லை என்றால், அந்தக் கைப்பேசியில் வங்கிச் செயலியை வைத்திருப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். புதிய கைப்பேசி வாங்கும்போது கேமராவைப் பற்றிக் கேட்பது போல, எத்தனை ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்றும் கேளுங்கள். சில விலை உயர்ந்த மாடல்களுக்கு ஏழாண்டு வரை தரப்படுகிறது. மலிவான மாடல்களுக்கு அது மிகக் குறைவு.

புதுப்பிப்பு எல்லாவற்றையும் தடுக்காது

வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்று வரும் 'ஏபிகே' கோப்பை நாமே நிறுவினால், எவ்வளவு புதிய கைப்பேசியானாலும் ஆபத்துதான். தொலைபேசியில் கேட்பவரிடம் நாமே ரகசிய எண்ணைச் சொன்னாலும் அப்படியே. பாதுகாப்புப் புதுப்பிப்பு நம்மை அறியாமல் நுழைபவனைத் தடுக்கும்; நாம் திறந்துவிட்ட கதவை அது மூடாது.

பணம் பறிபோனது தெரிந்தால் உடனே வங்கியையோ, தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் தடுக்க ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். கணினியில் கோப்புகள் பூட்டப்பட்டாலோ, வைரஸ் நுழைந்ததாகச் சந்தேகம் எழுந்தாலோ இணையத்தைத் துண்டித்துவிட்டு, சைபர்செக்யூரிட்டி மலேசியா நடத்தும் சைபர்999 உதவி மையத்தை 1-300-88-2999 என்ற எண்ணில் தொடர்புகொள்ளலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

• கணினியின் பதிப்பையும் செயலகத்தின் தலைமுறையையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.
• முக்கியக் கோப்புகளை இரண்டு இடங்களில் நகல் எடுங்கள்.
• மூடி வைத்திருக்கும் புதுப்பிப்பைத் திறந்து, நிலுவையில் உள்ளவற்றைப் போடுங்கள்.
• விண்டோஸ் 11-க்குத் தகுதி இருந்தால் மாறுங்கள். இல்லையென்றால் நீட்டிக்கப்பட்ட புதுப்பிப்பில் பதியுங்கள்.
• 2026 அக்டோபர் 13-ஆம் தேதியை நாள்காட்டியில் வட்டமிடுங்கள். அதற்குப் பிறகு அந்தக் கணினியில் என்னென்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை வீட்டிலும் சங்கத்திலும் இப்போதே பேசி முடிவெடுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால், அடுத்த முறை பார்க்கப் போகும் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இந்த ஐந்தையும் செய்துகொடுத்துவிட்டு வரலாம். அரை நாள் வேலைதான்.